காரில் வைக்க ஒரு கிட்டார்

அறந்தாங்கி டாக்சி ஸ்டாண்டில் சேரனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவனைப் பற்றி முன்பெல்லாம் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ஏர்போர்ட்டுக்குப் போனால் கிட்டார் வாசிப்பான். இப்போது இரண்டாவதாக வேறொன்றையும் சொல்கிறார்கள். அதைச் சொல்கிறவர்களுக்கு அந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த தவறு ஒன்று இதில் இருப்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சேரனுக்கு இப்போது வயது நாற்பத்தாறு. ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா நாகராசு விவசாயி. சேரன் பத்தாவது முடித்து, லாரி ஓட்டப் பழகி, இருபத்து நான்கு வயதில் மஸ்கட் போனான். ஒன்பது வருடம் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினான். பக்கத்து அறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார், மெக்கானிக். வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் அவரிடம் கிட்டார் கற்றுக்கொண்டான். அங்கேயே ஒன்று வாங்கினான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கிட்டாரோடு ஊர் வந்து சேர்ந்தான்.

நாகராசுவைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நான் நர்ஸ் இல்லை. வீட்டில் கிடப்பவர்களைப் பராமரிக்கப் புதுக்கோட்டையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள். எத்தனை தடவை சொன்னாலும் அந்த வீட்டில் எனக்குப் பெயர் நர்ஸம்மாதான். பதினொரு மாதம் கிடந்து நாகராசு போனார். ஒரு படுக்கைப்புண்கூட இல்லாமல் போனார். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அதன்பிறகு சேரன் மறுபடி மஸ்கட் போகவில்லை. மனைவி பரிமளாவும் மகள் அன்புமொழியும் அறந்தாங்கியில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி ஸ்டாண்டில் போட்டான். நான் வேறு வேறு வீடுகளில் வேலை பார்த்தேன். நோயாளிகளைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிப்போக வேண்டியிருந்தால் அவனைத்தான் கூப்பிடுவேன். பள்ளத்தில் வண்டியை மெதுவாக இறக்கத் தெரிந்த ஓட்டுநர்கள் அதிகம் இல்லை.

அவனுக்கு அதிகம் கிடைத்த வேலை ஏர்போர்ட் சவாரி. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வீடே காரில் ஏறும். திருச்சி போய் அவரை வாசலில் விட்டதும் வண்டி திரும்பிவிடாது. உள்ளே போனவர் பெட்டி எடை போட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, "உள்ள போயாச்சு" என்று போன் செய்ய வேண்டும். அதுவரை எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்திலேயே நிற்பார்கள். விசாவில் ஏதோ பிழை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அதனால் வந்த வழக்கம் இது. ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டும் ஆகும். அந்த நேரத்தில் வெளியே நிற்பவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பெண்கள் அழுவார்கள். ஆண்கள் போனைப் பார்ப்பார்கள்.

சேரன் அப்போதுதான் வாசிப்பான். கதவைத் திறந்து வைத்து, ஓட்டுநர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டுக்கொள்வான். பாடமாட்டான். மெட்டு மட்டும், அதுவும் சின்னச் சத்தத்தில். யாரும் தன்னைக் கவனிப்பது அவனுக்குப் பிடிக்காது. ஏன் வாசிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் மொதமொத போனப்ப எங்கம்மா வேன் பக்கத்துல நின்னு கத்துனது உள்ள கேட் வரைக்கும் கேட்டுச்சுங்கம்மா. ஒம்பது வருசம் அந்தச் சத்தம் காதுல கெடந்துச்சு. அம்மாவுக்கும் அது சத்தமேதான் கேட்டிருக்கும். பக்கத்துல வேற ஏதாவது ஒரு சத்தம் இருந்தா தேவலைல?"

அவன் அம்மா அவன் மஸ்கட்டில் இருந்தபோதே இறந்துவிட்டார்.

மஸ்கட் கிட்டார் பெரியது. வெளிநாடு போகிறவரின் பெட்டிகள் வைக்க டிக்கி முழுதும் வேண்டும். கார் ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் வேறு பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கிட்டாரைப் பின் இருக்கைக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிப் படுக்க வைப்பான். நேர் வெயில். ஒரு சித்திரை மாத நண்பகலில் ஏதோ வெடித்த மாதிரி சத்தம் கேட்டு எல்லோரும் டயர் போய்விட்டது என்று இறங்கிப் பார்த்தார்கள். டயர் நன்றாக இருந்தது. சூட்டில் பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை கிட்டாரின் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்திருந்தது.

அடுத்த கிட்டார் காருக்காகவே வாங்க வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். பரிமளாவின் தையல் டேப்பை வாங்கி காருக்குள் அளந்தான். முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காக முப்பத்து நான்கு அங்குலம் இடம் இருந்தது. அங்கே வெயில் படாது.

அந்தச் சமயம் நான் ஹமீதா பானு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது, இடுப்பெலும்பு முறிந்து தேறியவர், சர்க்கரையும் உண்டு. மகன் ரியாசுதீன் மஸ்கட்டில் கடை வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் திரும்பிப் போகும்போது அந்த அம்மா வாக்கரோடு ஏர்போர்ட் வந்தே தீருவார். கூட நானும். அப்படி ஒருமுறை, ரியாசுதீனிடமிருந்து போன் வந்தபிறகு, சேரன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"அம்மா, மெயின்கார்டுகேட்டு வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாமுங்களா? கிட்டார் ஒண்ணு பாக்கணும்."

"போயேன். வீட்டுக்குப் போயி நான் என்னத்தப் பண்ணப் போறேன்?" என்றார் ஹமீதா பானு.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பெயர் திருமுருகன், சின்ன வயது. ஹமீதா பானுவை உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தோம். சேரன் தேவையைச் சொன்னான்: நீளம் முப்பத்து நான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது, விலை ஐயாயிரத்தைத் தாண்டக்கூடாது, நாள் முழுக்க வெயிலில் நிற்கிற காருக்குள் பிழைக்க வேண்டும்.

"அண்ணே, மூணும் சேந்தா கிட்டார் வராது, மட்டப்பலகதான் வரும்" என்றார் திருமுருகன். சொல்லிவிட்டு நான்கைந்தை இறக்கி வைத்தார்.

முதலில் எடுத்தது பளபளப்பாக இருந்தது. முழு மரத்தை இழைத்துச் செய்தது. சத்தம் நன்றாக இருந்தது. "இது வேணாம்ணே" என்று திருமுருகனே அதைத் திருப்பி வைத்தார். "முழு மரம் சூட்டுல வெடிச்சிரும். காருக்குன்னா பிளைவுட்டு போட்டதுதான் தாங்கும். சத்தம் ஒரு படி கம்மி, ஆயுசு ரெண்டு படி கூட." இரண்டாவது மிகவும் சின்னது. நான்கு கம்பிதான்.

"இதென்னடா, புள்ளைங்க வெளையாட்டுச் சாமான் மாதிரில இருக்கு" என்றார் ஹமீதா பானு. "இத வாசிச்சா எவன் அழுகைய நிறுத்துவான்? சிரிச்சுருவான்."

மூன்றாவது முப்பத்து மூன்று அங்குலம். பிளைவுட். கழுத்துக்குள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது, வளைந்தால் சாவி போட்டு நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். சேரன் வாசித்துப் பார்த்தான். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, இதுதான்.

"நைலான் கம்பி போடவா, ஸ்டீலு போடவா? ஸ்டீலு சத்தம் நல்லாருக்கும், வெரலு நோகும்" என்றார் திருமுருகன்.

"ஸ்டீலே போடுங்க. எனக்கெல்லாம் வெரலு காய்ச்சுப் போச்சு. அதுலயும் இந்தச் சுண்டுவெரலு இருக்கே, ஊசியால குத்துனாலும் தெரியாது." இடது கையைப் பெருமையாக நீட்டினான்.

நான் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து நுனியை நசுக்கிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "ஒழைச்ச கை" என்று சொல்லிவிட்டு விட்டேன்.

இதுதான் நான் செய்த தவறு. கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கம்பி அழுத்தி அழுத்தி விரல்நுனி காய்த்துப்போகும், வலி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சுண்டுவிரல்தான் கம்பியில் குறைவாக உழைக்கிற விரல். காய்ப்பு இருந்தால் அதில்தான் குறைவாக இருக்க வேண்டும். அந்தச் சின்ன யோசனை கிட்டார் விற்கிறவருக்கும் வரவில்லை, வாசிக்கிறவனுக்கும் வரவில்லை. அவர்களுக்கு வராதது குற்றமில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும். என் பயிற்சியில் தொழுநோய்க்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தார்கள். உணர்ச்சி இல்லாத விரலைக் கண்டால் தோலைப் பார் என்பது அன்றைய முதல் பாடம்.

புதுக் கிட்டாரை அவன் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். வண்டியை நிறுத்தினால் முதலில் நிழல் எங்கே என்று பார்ப்பான். கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் காரைப் பூட்டுவான். பழைய போர்வையில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவான். ஸ்டாண்டில் அவனுக்கு அடுத்த வண்டி பக்கீர் முகமதுவுடையது. இருவரும் ஒரே வயது, மாமா மாப்ள என்று பழகுகிறவர்கள்.

"மாப்ள, ஒன் பொண்டாட்டிய இந்த மாதிரி ஒருநாளாச்சும் போத்தி விட்டிருக்கியாடா நீ?" என்பார் பக்கீர்.

"அது தானா போத்திக்கும் மாமா. இதுக்குக் கையி இல்ல."

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு கிட்டாரில் கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தான். சில சுரங்கள் சரியாக விழவில்லை, கம்பி கட்டையை விட்டு மேலே தூக்கிக்கொண்டது, எவ்வளவு அழுத்தினாலும் படியவில்லை என்றான். கார் சூட்டில் கழுத்து வளைந்திருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியது. முந்தைய கிட்டாருக்கு நடந்ததைப் பார்த்தவர்கள்தானே. சாவி போட்டு நிமிர்த்தினான். மெல்லிய கம்பி மாற்றினான். அதுவும் சரிப்படாமல் திருச்சி போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறான்.

திருமுருகன் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து அதே மெட்டை வாசித்துக் காட்டினாராம். எல்லாச் சுரமும் விழுந்தன.

"கிட்டாருல ஒண்ணும் இல்லண்ணே."

"நீங்க ஏசி கடைக்குள்ள வாசிக்கிறீங்க. என் காருக்குள்ள வந்து வாசிங்க, தெரியும்."

அவர் பொறுமைசாலி. அதே நீளத்தில், கழுத்து ஒடுக்கமான வேறொன்றை எடுத்து, நைலான் கம்பி போட்டு மாற்றிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் அதுவும் சரியில்லை என்றான் சேரன். பக்கீர் முகமது விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ள, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒனக்குக் காரே கோணலு."

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை என்று பக்கீர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அடுத்த வருடம் ஆனி மாதம் ரியாசுதீன் விடுமுறை முடிந்து திரும்பினார். மதிய விமானம். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வழக்கம்போல நின்றோம். வெயில் கொளுத்தியது. ஹமீதா பானு பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனையில் இருந்தார். சேரன் கிட்டாரை வெளியே எடுத்தான். சுரத்தை ஏற்றுவதற்குக் கிட்டார் கழுத்தில் மாட்டுகிற இரும்புக் கிளிப் ஒன்று உண்டு. அது காலையிலிருந்து காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நான்தான் தொட்டேன். கை பொசுங்கிப் போனது. உதறிவிட்டேன்.

சேரன் அதை எடுத்தான். இடது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் சும்மா பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பிறகு நிதானமாகக் கழுத்தில் மாட்டினான்.

"சேரா, கையக் காட்டு."

"என்னங்கம்மா?"

"காட்டுறா."

சுண்டுவிரலில் தோல் வெள்ளையாகி, மேலெழுந்து, நீர் கோத்துக்கொண்டிருந்தது. அவன் அதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். அந்தக் கையைத் திருப்பினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுதாக நீளவில்லை, உள்ளே மடங்கி நின்றன. இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஆறு மாதமாகக் கிட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கண்ண மூடு. நான் எங்க தொடுறேன்னு சொல்லணும்."

பையிலிருந்து பேனாவை எடுத்து, நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டேன்.

"கட்டவெரலு. ஆள்காட்டி. நடுவெரலு." நான் சுண்டுவிரலை மூன்று இடத்தில் தொட்டுவிட்டேன். "தொடுங்கம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான்.

சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"அது தேமல்ங்கம்மா. மூணு வருசமா இருக்கும். முதுகுலகூட இருக்குன்னு பரிமளா சொன்னுச்சு. மருந்துக் கடையில களிம்பு வாங்கித் தடவுச்சு. அரிக்காது, ஒண்ணும் பண்ணாது."

அரிக்காது என்பதுதான் விஷயம். நான் சொல்லவில்லை. ஹமீதா பானு கண்ணைத் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தா?" என்று என்னிடம் கேட்டார். கையைச் சுட்டுக்கொண்டான் என்றேன். பாட்டில் தண்ணீரை அவன் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். போன் வந்தது. உள்ளே போயாச்சு. அவன் காரை எடுத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நானே அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இளம்பெண். சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் ஆறு திட்டு. பிறகு முழங்கையை மடக்கிப் பிடித்து, இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் விரலை வைத்து உருட்டினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நரம்பு தடித்து, கயிறு மாதிரி உருண்டது. தோலில் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

தொழுநோய் என்று அவனிடம் டாக்டர்தான் சொன்னார். மருந்து இலவசம், ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும், மருந்தை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது என்று நிதானமாக விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சேரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இந்த ரெண்டு வெரலும் திரும்ப வருமாங்க?"

"மரத்துப்போய் எவ்வளவு நாள் ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொன்னேன். கடையில் அவன் கையை நீட்டிய நாளிலிருந்து எண்ணினால் பதினான்கு மாதம். அதற்கு முன்னால் எத்தனை மாதமோ.

"ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா நரம்பக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப வீக்கம் குறையறதுக்கு மாத்திரை தர்றேன். பாக்கலாம்" என்றார் டாக்டர். பாக்கலாம் என்று டாக்டர்கள் எப்போது சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அவனிடம் சொன்னேன். "சேரா, கடையில ஒன் வெரலத் தொட்டுப் பாத்தவ நான். அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்னுது."

"விடுங்கம்மா. நானே பெருமையால்ல நீட்டுனேன்." கார்ச் சாவியை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். "ரெண்டு கிட்டாரையும் திட்டித் தீத்துட்டேன். அந்தக் கடைக்காரர் தம்பிக்கிட்டதான் மன்னிப்புக் கேக்கணும்."

பரிமளாவையும் அன்புமொழியையும் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாக இருவருக்கும் ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் அவனுடைய தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்திருந்தன. பரிமளாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"மூணு வருசமா ஒரே வீட்டுல, ஒரே பாயில இருந்திருக்க. அப்பல்லாம் வராதது, அவன் மருந்து சாப்பிட ஆரம்பிச்ச பெறகு தட்டு வழியா வந்துருமா?"

"எனக்குத் தெரியுங்கம்மா. பக்கத்து வீட்டுல பாக்குறாங்கல்ல, அதுக்குத்தான்." அழுதாள். பிறகு எழுந்து தட்டை மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள்.

அந்த மருந்தில் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும். நான்கைந்து மாதத்தில் சேரனின் முகம் கரும்பழுப்பாகிவிட்டது. வெயில் என்று சொல்லிப் பார்த்தான். மடங்கிய விரலும் கறுத்த முகமும் சேர்ந்தால் ஊருக்குப் புரியும். பழைய காலத்துப் பெயரைச் சொல்லி, பெருநோய் என்று பேசிக்கொண்டார்கள். கட்டுமாவடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பெட்டிகளை ஏற்றியபிறகு, வேறு வண்டி வருது என்று சொல்லி இறக்கிக்கொண்டார்கள். ஏர்போர்ட் சவாரி குறைந்தது.

பக்கீர் முகமது ஒருநாள் டீக்கடையில் எல்லோரும் பார்க்கச் சேரனின் டம்ளரைப் பிடுங்கி மீதி டீயைக் குடித்தார். "ஏன் மாமா, ஒனக்கு வேற டீ வாங்கித் தரமாட்டனா?" என்று கேட்டிருக்கிறான் சேரன். "ஓசி டீதான்டா ருசி" என்றாராம் இவர். ஆனாலும் ஒரு டம்ளர் டீயால் ஊர் மாறிவிடவில்லை. பக்கீர் தனக்கு வந்த சவாரிகளில் சிலவற்றை அவனுக்குத் தள்ளிவிட்டார். சில வீடுகள் ஏற்றுக்கொண்டன, சில ஏற்கவில்லை.

கையைப் பொறுத்தவரை சொன்னதையெல்லாம் செய்தான். தினமும் வெந்நீர் இல்லாமல் வெறும் தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வைத்து எண்ணெய் தடவுவது, மடங்கிய விரல்களை மற்றக் கையால் நீட்டி நீட்டி விடுவது, ராத்திரியில் அட்டை வைத்துக் கட்டுவது. மாதாமாதம் மாத்திரை அட்டை வாங்கப் போகும்போது டாக்டர் பேனாநுனியால் தொட்டுப் பார்ப்பார். மோதிரவிரலின் உள்பக்கம் லேசாக உணர்ச்சி வந்தது. சுண்டுவிரலில் ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டாவது அட்டை முடிந்த அன்று டாக்டர் அவன் கையைக் குலுக்கினார். குணமாயிடுச்சு, இனி மருந்து இல்லை என்றார். விரலைப் பற்றிச் சேரன் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், இதுக்கு மேல அது இப்படித்தான் இருக்கும், காயம் படாம பாத்துக்குங்க என்று.

அந்த வாரமே கிட்டாரை விற்க எடுத்துக்கொண்டு திருச்சி போனான். ஹமீதா பானுவுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் போனேன். திருமுருகன் விவரம் கேட்டுக்கொண்டு, சேரனின் இடது கையைத் தயக்கமில்லாமல் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, விக்க வேணாம். கம்பிய எல்லாம் தலைகீழா மாத்திப் போட்டுத் தர்றேன். வலது கையால கம்பிய அழுத்துங்க, இடது கையில மீட்டுங்க. கட்டவெரலும் ஆள்காட்டியும் நல்லாத்தான இருக்கு?"

அங்கேயே மாற்றிப் போட்டுக் கொடுத்தார். சேரன் கிட்டாரை மறுபக்கமாகத் திருப்பி மடியில் வைத்தான். வலது கை விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் கம்பிகளின்மேல் நின்றன. ஒரு சுரம் வந்தது. அடுத்ததைத் தேடினான். கால்மணி நேரம் முயன்றான். வந்ததெல்லாம் தகரத்தைத் தட்டுகிற சத்தம்.

"பழகிரும்ணே. ரெண்டு வருசத்துல வந்துரும்."

"ரெண்டு வருசம் யாருக்கிட்ட வாசிச்சுப் பழகுறது தம்பி? அழுதுக்கிட்டு நிக்கிறவங்க பக்கத்துலயா?" கிட்டாரை மேசைமேல் வைத்தான். "இதுக்கு ஒரு வெல சொல்லுங்க. அன்னிக்குச் சண்டை போட்டதையும் மனசுல வச்சுக்காதீங்க."

வீட்டில் வைத்துப் பழகலாமே என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வாசிப்பதற்காக அவன் எந்தக் கிட்டாரையும் வாங்கவில்லை.

இந்த வருடம் ஆடி பிறந்தபிறகு ரியாசுதீன் வந்துவிட்டுக் கிளம்பினார். புறப்படுவதற்கு முந்தைய நாள் அவர் மனைவி ஆஃபியா, வேறு வண்டி பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். ஹமீதா பானு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லுத்தா. ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. நோயே இல்ல இப்ப."

"அப்ப அவனையே வரச் சொல்லு."

மதியம் இரண்டு மணிக்கு ரியாசுதீன் உள்ளே போனார். நாங்கள் நின்றோம். நிழல் கிடைக்கவில்லை. ஆஃபியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய் நின்றாள். பக்கத்து வேனில் ஒரு வயதான பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. சேரன் கதவைத் திறந்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் இடது கை. வலது கையால் சுண்டுவிரலை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, போனுலயாச்சும் ஏதாச்சும் போடேன்" என்றார் ஹமீதா பானு.

"போட்டுப் பாத்தேங்கம்மா. அது பாட்டாயிருது. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு அதக் கேக்க ஆரம்பிச்சிர்றாங்க."

"நீ வாசிச்சப்ப மட்டும் நாங்க அழுவலன்னு நெனச்சியா? நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு வாசிப்ப, நாங்க இந்தப் பக்கம் அழுதுக்கிட்டுதான் இருப்போம்."

"தெரியுங்கம்மா."

"தெரிஞ்சா சரி."

பக்கத்து வேன்காரர்களுக்குப் போன் வந்து அவர்கள் கிளம்பினார்கள். சத்தம் நின்றதும் ஆஃபியா அழுவது கேட்டது. சேரன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றே முக்காலுக்கு ரியாசுதீன் கூப்பிட்டார். ஹமீதா பானு போனை வாங்கி, "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆஃபியாவிடம் கொடுத்தார்.

எல்லோரும் ஏறினோம். ஸ்டீரிங் வெயிலில் கிடந்து காய்ந்திருந்தது. சேரன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தான். வலது கையை உடனே எடுத்துக்கொண்டான். இடது கை அங்கேயே இருந்தது.

"துண்டு" என்றேன்.

எடுத்துச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.